கதவில்லாத கார்கள்

மார்ச் 4

அக்காவுக்கு,

நீ போனை வைத்துவிட்டாய். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. சரி. கடிதத்தை நடுவில் துண்டிக்க முடியாது. கிழிக்கலாம், ஆனால் அதற்கும் முதலில் பிரிக்க வேண்டும். அதனால் எழுதுகிறேன்.

நேற்று என்ன நடந்தது என்று நீ என்னை முழுசாகச் சொல்லவிடவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறார் என்று கூப்பிட்டார்கள். தோளில் டூல் பையை மாட்டிக்கொண்டு கடைவீதிச் சாலையில் போனேன். சைக்கிள் பாதையில் இல்லை. அதற்குப் பக்கத்தில் கார், பஸ் எல்லாம் போகிற தடத்தில். தெரியாமல் போகவில்லை, தெரிந்தேதான் போனேன். துணிக்கடை முன்னால் போக்குவரத்துக் காவலர் கையை நீட்டினார்.

"சார், அந்தப் பச்சைக் கலர் எதுக்குப் போட்டிருக்கு?"

"சைக்கிளுக்கு."

"நீங்க ஓட்டுறது என்ன?"

"சைக்கிள்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. அதுல போனா அடிபடும்."

"யாரு அடிக்கிறா?"

"கதவு."

அவர் பாதையைப் பார்த்தார். அதை ஒட்டி வரிசையாகக் கார்கள் நின்றன. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. பிறகு என்னைப் பார்த்தார். காலையிலேயே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேனா என்று பார்க்கிற பார்வை. சீட்டு எழுதினார். "இங்கயே கட்டிட்டா முடிஞ்சுது தம்பி. பாதையில போகாததுக்குச் சின்ன அபராதம்தான்" என்றார். கட்டமாட்டேன், கோர்ட்டுக்கு வருகிறேன் என்றேன். "சைக்கிளுக்கு கோர்ட்டா!" என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்தான்.

லிஃப்டில் மாட்டியிருந்தவர் வெளியே வந்ததும் என்னிடம் முதலில் கேட்டது, "ஏன்பா இவ்வளவு நேரம்?" சைக்கிள் பாதையில் வராததால் என்றேன். அவரும் அதே பார்வை பார்த்தார்.

விஷயம் இதுதான். அது உன் பாதை. சாலைத் துறைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து அதை வரைந்தது நீ. கோர்ட்டில் ஒரு பக்கம் என் பெயர், மறுபக்கம் உன் துறையின் பெயர் வரும். அதை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு அடித்தேன். நீ "கட்டித் தொலைடா" என்று வைத்துவிட்டாய்.

கட்டித் தொலைக்க மாட்டேன்.

தம்பி


மார்ச் 9

முந்திரிக்கொட்டைக்கு,

பிரித்தேன். கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் உன் மண்டையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருந்தது. நடுவில் ஐந்து மணி நேர ரயில் தூரம் இருப்பதால் தப்பித்தாய்.

அந்தப் பாதை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியுமா? பெயிண்ட் அடித்த அன்றுதான் நீ பார்த்தாய். அதற்கு முன் ஐந்து வருஷம் நான் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்தேன். கடைக்காரர்கள் சங்கத் தலைவர், உனக்குத் தெரிந்த அந்தத் துணிக்கடைக்காரர்தான், ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து ஒரே கேள்வி கேட்பார்: "சைக்கிள்ல வர்றவன் எங்க கடையில என்னம்மா வாங்கப் போறான்? வாங்கினாலும் எதுல கட்டி எடுத்துட்டுப் போவான்?" எல்லாரும் சிரிப்பார்கள். எங்கள் சீஃப் இன்ஜினியரும் சிரிப்பார். அந்த அறையில் சிரிக்காத ஒரே ஆள் நான், ஒரே பெண்ணும் நான். கடைசியில் ஒன்றுக்கு ஒத்துக்கொண்டார்கள். கார் நிறுத்தும் இடத்தைத் தொடக் கூடாது, அதற்கு வெளியே மிச்சம் இருப்பதில் என்ன வேண்டுமானாலும் வரைந்துகொள். மிச்சத்தில் வரைந்தேன். கிடைத்ததை வாங்கிக்கொள்ளாமல் முழுசாகக் கேட்டு உட்கார்ந்திருந்தால் இன்றைக்கும் அங்கே வெறும் தார்தான் இருக்கும்.

இப்போது நீ கோர்ட்டில் போய், "இந்தப் பாதையில் போகத் தேவையில்லை" என்று தீர்ப்பு வாங்குவாய். நீ வாங்குவாய், எனக்குத் தெரியும், உன் பிடிவாதம் அப்படி. அடுத்த வாரம் சீஃப் என்னைக் கூப்பிட்டு, "யாரும் போகத் தேவையில்லாத கோட்டுக்கு எதுக்கும்மா பெயிண்ட்?" என்பார். இப்போதே பாதி சொல்லிவிட்டார். பாதை போகும். அந்த இடமும் கார்களுக்குப் போகும். காலையில் அதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எங்கே போகும்? உனக்கு நியாயம் கிடைத்தால் போதும். எனக்கு ரோடு வேண்டும்.

ஒன்று மட்டும் எனக்கு விளங்கவில்லை. ஒரு வருஷம் அதே பாதையில் தினமும் போனாய். வேலை பார்க்கிற கட்டிடத்துக்கெல்லாம் போய், "எங்க அக்கா போட்ட ரோடு" என்று அலட்டினாய் என்று அம்மா சொன்னாள். திடீரென்று கதவு, கதவு என்று என்ன பேய் பிடித்தது?

அபராதத்தைக் கட்டு.

அக்கா


மார்ச் 14

அக்காவுக்கு,

நேற்று கோர்ட்டில் பதிவு செய்துவிட்டேன். எழுத்தர் அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார்.

"குத்தத்தை ஒத்துக்கலையா?"

"இல்லம்மா."

"சைக்கிள் கேஸ்தானே?"

"ஆமா."

"வக்கீல் யாரு?"

"நான்தான்."

"வெளங்கிடும்" என்று சொல்லிக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

கதவுக்கு வருகிறேன். நான் டிப்ளமோ படித்த காலத்தில் உன் அலுவலகத்துக்குக் கூட்டிப்போய் வரைபடம் போடுவதைக் காட்டினாயே, ஞாபகம் இருக்கிறதா? உங்கள் கணினியில் கார் என்று ஒரு உருவம் தயாராக இருக்கும். செவ்வகம், முனைகள் மட்டும் கொஞ்சம் வளைந்தது. ஒரு தட்டு தட்டினால் சாலை ஓரத்தில் முப்பது கார் வரிசையாக நிற்கும். அந்தக் காருக்குள் ஆள் கிடையாது. ஆள் இல்லாததால் யாரும் இறங்க மாட்டான். யாரும் இறங்காததால் அதற்குக் கதவும் கிடையாது. நீங்கள் பாதை போட்டது அந்தக் கார்களுக்குப் பக்கத்தில்.

தெருவில் நிற்கிற காருக்குக் கதவு இருக்கிறது. முழுசாகத் திறந்தால் ஒரு மீட்டர் வெளியே வரும். டேப் வைத்து அளந்தேன், சந்தேகம் இருந்தால் நீயும் அள. உன் பாதை ஒன்றரை மீட்டர். மிச்சம் அரை. என் ஹேண்டில்பாரே அதைவிட அகலம். அதாவது கதவு திறந்தால் நான் ஒன்று கதவில் மோத வேண்டும், இல்லையென்றால் பஸ்ஸுக்கு முன்னால் விழ வேண்டும். மூன்றாவது வழி இருந்தால் சொல்.

என் பிழைப்பே கதவுதான் அக்கா. லிஃப்ட் தளத்துக்கு வந்து நிற்காமல் கதவு திறக்கக் கூடாது, அதற்கு ஒரு பூட்டு. அந்தப் பூட்டு விழுந்ததா என்று பார்க்க இன்னொரு சுவிட்ச். நடுவில் யாராவது கையை நீட்டினால் கதவு தானாகப் பின்வாங்கும். இதில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் நான் லிஃப்டை ஓடவிட மாட்டேன். கார்க் கதவுக்கு இருக்கிற ஒரே சென்சார் உள்ளே இருப்பவனின் மனசாட்சி. அதுவும் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பாதை போய்விடும் என்கிறாய். போகட்டும். ஓட்டைக் குடையைப் பிடித்துக்கொண்டு நனைவதைவிடக் குடை இல்லாமலே நனையலாம். ஓடவாவது தோன்றும்.

திடீரென்று என்ன பேய் என்று கேட்டாய். அதற்குப் பதில் இந்த வழக்குக்குத் தேவையில்லை.

தம்பி


மார்ச் 20

டேய்,

பொய்யை ஒழுங்காகச் சொல்லப் பழகு, இல்லையென்றால் இன்ஜினியரிடம் சொல்லாதே.

நேற்று அம்மாவோடு பேசினேன். உன் தோள் எப்படி இருக்கிறது என்று சும்மாதான் கேட்டேன். "ஈரத்துணியை உதறிக் காயப்போடச் சொன்னா இன்னும் முகத்தைச் சுளிக்கிறான்டி. ஆனா சைக்கிளை மட்டும் புதுசு மாதிரி வெச்சிருக்கான். முன்சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற கம்பி ரெண்டையும் மாத்திட்டான், பளபளன்னு இருக்கு" என்றாள்.

லிஃப்ட் குழியில் வழுக்கி விழுந்து காறை எலும்பு உடைந்தது என்று சொன்னாய். ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணிச் சிரித்துக்கொண்டே சொன்னாய். குழிக்குள் வழுக்கி விழுந்தவனுக்கு சைக்கிளின் முன்கம்பி எப்படியடா வளைந்தது? சைக்கிளோடு குழிக்குள் இறங்கினாயா?

என் பாதையில் விழுந்திருக்கிறாய். கதவில் மோதியிருக்கிறாய். ஆறு வாரம் கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தாய், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் வாயாடுகிறவனுக்கு அக்காவிடம் மட்டும் வாய் அடைத்துவிட்டதா?

இதற்கு மேல் எழுதினால் கண்டபடி எழுதுவேன். இன்னொரு செய்தி இருக்கிறது, அதைச் சொல்லி முடிக்கிறேன். வழக்கில் துறையின் சாட்சியாக என்னைப் போட்டிருக்கிறார்கள். பாதை விதிப்படிதான் இருக்கிறது என்று நான் கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். "வரைஞ்ச கையே வந்து சொன்னா கேஸ் அன்னிக்கே முடிஞ்சுது" என்றார் எங்கள் வக்கீல். நான் உன் அக்கா என்று சொன்னேன். "அதனால என்ன மேடம், உண்மையைத்தானே சொல்லப் போறீங்க?" என்றார்.

உண்மையைத்தான் சொல்வேன். பாதை விதிப்படிதான் இருக்கிறது. ஒரு விரற்கடை குறையவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன், உனக்காகக்கூட.

சாட்சியும் குற்றவாளியும் வழக்கைப் பற்றிக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பது சரியில்லை. இனி அதைப் பற்றி எழுதாதே. எழுதினாலும் நான் பதில் எழுத மாட்டேன்.

அக்கா


மார்ச் 24

அக்காவுக்கு,

நான் குற்றவாளி இல்லை, குற்றம் சாட்டப்பட்டவன். சாட்சிக்கே இந்த வித்தியாசம் தெரியவில்லையென்றால் நாடு உருப்படும்.

ஏன் சொல்லவில்லை? அந்தப் பாதை திறந்த அன்று நீ எனக்கு ஒரு படம் அனுப்பினாய். பச்சைப் பெயிண்ட் காய்வதற்குள் ஓரத்தில் கால் வைத்து நிற்கிற உன் செருப்பின் படம். முகத்தைக்கூட அனுப்பவில்லை, செருப்பை மட்டும் அனுப்பினாய். அப்படி ஒரு சந்தோஷத்தில் இருந்தவளுக்கு, "உன் பாதையில் என் எலும்பு உடைந்தது" என்று எப்படிச் சொல்வது? குழி என்று சொன்னேன். குழிக்கு அக்கா கிடையாது.

கதவைத் திறந்தவர் கெட்டவர் இல்லை. மருந்துக்கடைக்கு வந்தவர். ஓடி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "ஐயோ தம்பி, நான் பார்க்கலையே, பார்க்கலையே" என்று என்னைவிட அதிகமாக அழுதார். அவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு, இது விபத்து, வழக்கு எதுவும் இல்லை என்று போய்விட்டது. அதில் எனக்குக் கோபம் இல்லை. தோள் ஆறிய பிறகு, கதவுக்கு எட்டாத தூரத்தில் ஓட்டினேன். அதற்கு வழக்குப் போட்டார்கள். கதவைத் திறந்தது விபத்து, கதவிலிருந்து விலகிப் போனது குற்றம். இங்கேதான் எனக்குப் பேய் பிடித்தது. கேட்டாயே, இதுதான் பதில்.

வழக்கைப் பற்றி எழுதாதே என்றாய். எழுதவில்லை. ஒரே ஒரு கேள்வி. ஐந்து வருஷம் அந்தப் பாதைக்காகச் சண்டை போட்டாய். ஒரு நாளாவது அதில் ஓட்டியிருக்கிறாயா? பஸ்ஸிலும் ரயிலிலும் போய்ப் போய் உன் கால் பெடலையே மறந்திருக்கும். கூண்டில் ஏறுவதற்கு முன்னால் ஒரு தடவை சைக்கிளில் ஏறு. அதற்குப் பிறகு எதை வேண்டுமானாலும் சொல். நான் வாயைத் திறக்க மாட்டேன்.

தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

இது வழக்கைப் பற்றிய கடிதம் இல்லை. என் முழங்காலைப் பற்றியது.

சனிக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். உன்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. நீயும் அவளிடம் சொல்லித் தொலைக்காதே, "வாசல் வரைக்கும் வந்துட்டு வீட்டுக்குள்ள வரலையா" என்று வருஷக் கணக்கில் சொல்லிக்காட்டுவாள். ஸ்டேஷன் பக்கத்தில் வாடகைக்கு சைக்கிள் விடுகிற கடையில் ஒன்று எடுத்தேன். கடைக்காரப் பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சீட்டை இறக்கிடவா அக்கா?"

"வேணாம், எனக்கு ஓட்டத் தெரியும்."

"கடைசியா எப்ப ஓட்டினீங்க?"

"காலேஜ்ல."

"இறக்கிடுறேன்" என்றாள்.

இறக்கியது நல்லதுதான். முதல் திருப்பத்திலேயே இரண்டு காலையும் தரையில் ஊன்ற வேண்டியிருந்தது. ஒரு பொடியன், "ஆன்ட்டி, பிரேக் கையில இருக்கு, கால்ல இல்ல" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனான். கடைவீதிக்குள் வருவதற்குள் உடம்புக்குப் பழகிவிட்டது.

என்னை யாரும் இடிக்கவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. பார், எவ்வளவு ஒழுங்காகச் சொல்கிறேன். ஆனால் அந்த முனையிலிருந்து இந்த முனை வரைக்கும் நான் ரோட்டையே பார்க்கவில்லையடா. நிற்கிற ஒவ்வொரு காரின் பின்கண்ணாடிக்குள்ளும் தலை தெரிகிறதா, தலை அசைகிறதா, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். ஒரு காரில் தலை தெரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். பார்த்தால் அது சீட்டின் தலையணை. முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பெண், முதுகில் அவளைவிடப் பெரிய பை, அவளும் அப்படியே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டுதான் போனாள். அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நான் போட்ட பாதைதான் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

முழங்கால் வீங்கியிருக்கிறது. ஒத்தடம் கொடுக்கிறேன்.

இதில் வழக்கைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பதைக் கவனித்திருப்பாய்.

அக்கா


ஏப்ரல் 17

அக்காவுக்கு,

கூண்டைவிட்டு இறங்கினாய், கைப்பையை எடுத்தாய், ரயிலுக்குப் போய்விட்டாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ சொன்னதையே உனக்கு எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் கூண்டில் நின்ற உனக்கு உன் முகம் தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது.

உங்கள் வக்கீல் கேட்டபோது பாதை விதிப்படி இருக்கிறது என்றாய். அகலம் விதிப்படி, கோடு விதிப்படி, நிறம் விதிப்படி. அவர் கேஸ் முடிந்தது என்று சிரித்தபடி உட்கார்ந்தார். அடுத்து நான் எழுந்து உன்னைக் கேள்வி கேட்க வேண்டும். ராத்திரியெல்லாம் எழுதி வைத்த கேள்விகள் பையில் கிடந்தன. வாயில் வந்தது ஒன்றுதான்.

"அக்கா..."

"மேடம்னு சொல்லுங்க" என்றார் நீதிபதி அம்மா.

"மேடம், இந்தப் பாதை பாதுகாப்பானதா?"

உங்கள் வக்கீல் குதித்து எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். நீ என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்துச் சொன்னாய்: "விதிப்படி இருக்கு. பாதுகாப்பா இல்ல."

"ரெண்டும் எப்படிம்மா ஒண்ணா இருக்கும்?" என்றார் நீதிபதி.

"விதி எழுதினப்போ காரை அளந்தோம் மேடம். கதவை அளக்கல. எங்க அளவுல தப்பில்ல, அளந்த பொருள்ல தப்பு."

அப்புறம் உங்கள் வக்கீல் கத்தினாரே, "இவங்க குற்றம் சாட்டப்பட்டவரோட கூடப்பிறந்த அக்கா!" என்று. நீதிபதி பேனாவை வைத்துவிட்டு, "நீங்கதான கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். கோர்ட்டே சிரித்தது. முத்திரை குத்துகிற எழுத்தர் அம்மாகூடச் சிரித்தார். நீ மட்டும் சிரிக்கவில்லை.

நீ போன பிறகு தீர்ப்பு வந்தது. பாதுகாப்பாகப் போக முடியாத பாதையை விட்டு விலகிப் போவது குற்றமல்ல, வழக்குத் தள்ளுபடி. வெளியே அந்தக் காவலர் காத்திருந்தார். "அப்ப நாளையிலேர்ந்து நான் யாரைத்தான் தம்பி பிடிக்கிறது?" என்று நிஜமாகவே கவலையோடு கேட்டார். பார்க்காமல் கதவைத் திறப்பவர்களைப் பிடியுங்கள் என்றேன். "அவங்கெல்லாம் பெரிய இடமாச்சே" என்றார்.

உனக்கு அங்கே என்ன ஆனது? அதை எழுது.

தம்பி


மே 6

தம்பிக்கு,

என்ன ஆனது என்று கேட்டாய். ஆக வேண்டியது ஆனது.

சீஃப் என்னைக் கூப்பிட்டார். கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாசம் கண்ணை மறைச்சிடுச்சு போலிருக்கு" என்றார். பாசத்தால் சொல்லவில்லை சார், ஓட்டிப் பார்த்துச் சொன்னேன் என்றேன். "ஓட்டிப் பார்க்கிறது உன் வேலை இல்லையேம்மா" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில் எங்கள் துறையே அடக்கம்.

கடைக்காரர்கள் சங்கம் கேட்டுக்கொண்டபடி பாதையை அழிக்க உத்தரவு போட்டாயிற்று. அழிக்கிற வரைபடத்தையும் நானே போட வேண்டும் என்றார்கள். மாட்டேன் என்றேன். ஐந்து வருஷம் எல்லாவற்றுக்கும் "சரி சார்" சொன்ன வாயிலிருந்து அது வந்ததில் அவருக்கு அதிர்ச்சி, எனக்கு அவரைவிட. வேறு யாரோ போட்டார்கள். என்னைப் பாதாளச் சாக்கடைப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். என் மேசை இப்போது கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத அறையில். பக்கத்து மேசைக்காரர் முதல் நாளே, "பயப்படாதீங்க மேடம், இங்க யாரும் உங்களை வந்து பார்க்க மாட்டாங்க, மூக்கைப் பிடிச்சுட்டு ஓடிடுவாங்க" என்று தைரியம் சொன்னார்.

நீ ஜெயித்தாய். நான் உண்மையைச் சொன்னேன். அதற்காக வருத்தப்படவில்லை, திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் அந்தப் பெரிய பைக்காரப் பெண் அடுத்த வாரம் எங்கே ஓட்டுவாள்? தீர்ப்பை விரித்து அவள் தலைக்குக் குடை பிடிப்பாயா? நான் சொன்னேன், நீ கேட்கவில்லை. உனக்குச் சரி என்றால் சரி, தப்பு என்றால் தப்பு, நடுவில் நிற்கிற ஆட்கள் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள்.

இப்போது என்ன செய்வாய்?

அக்கா


ஜூன் 11

அக்காவுக்கு,

என்ன செய்வாய் என்று கேட்டாய். ஒரு மாதம் பதில் எழுதவில்லை. பதிலை எழுதுவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

பச்சையைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் விதிப் புத்தகத்தை எடுத்தேன். சைக்கிள் பாதை இருக்கும் சாலையில் சைக்கிள் அதில் போக வேண்டும், இதுதான் என்னைப் பிடித்த விதி. அதற்கு அடுத்த விதியை யாரும் படிப்பதில்லை. சைக்கிள் பாதை இல்லாத சாலையில் சைக்கிளும் ஒரு வண்டி, ஓரத் தடம் முழுவதும் அதற்கு உண்டு. ஓரத் தடத்தின் ஓரம் என்று போடவில்லை. முழுவதும்.

ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தர் தினமும் சைக்கிளில் வருவார், அவரிடம் காட்டினேன். பேப்பர் போடுகிற அண்ணனிடம் காட்டினேன். திங்கட்கிழமை காலை ஏழு பேர் தடத்தின் நடுவில், இரண்டிரண்டு பேராக, அவரவர் வேகத்தில் போனோம். யாரையும் மறிக்கவில்லை, எங்கும் நிற்கவில்லை. சைக்கிள் போகிற வேகத்தில் சைக்கிள் போனது, அவ்வளவுதான். பின்னால் பஸ். அதன் பின்னால் ஊரே வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

"யோவ், ரோடு என்ன உங்கப்பன் வீட்டுதா?"

நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "ஆமாண்ணே! உங்கப்பன் வீட்டுதும்தான். வாங்க, சேர்ந்தே போவோம்."

காவலர் எங்களை நிறுத்தினார். நான் விதியைக் காட்டினேன். வாய்விட்டுப் படித்தார், இன்னொரு முறை மனசுக்குள் படித்தார், வயர்லெஸ்ஸில் மேலதிகாரிக்குப் படித்துக் காட்டினார். மேலதிகாரி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். பிறகு, "விடுய்யா" என்று கேட்டது.

இப்போது எங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். தையல் கடைக்குப் போகிற பெண்கள், கல்லூரிப் பசங்கள், தாடிக்கார மெக்கானிக் எல்லாரும் வருகிறார்கள். முன்னால் நானும் பேப்பர் அண்ணனும், பின்னால் நர்ஸ். நடுவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்தப் பெரிய பைக்காரப் பெண்ணும் வருகிறாள். முதல் நாள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இப்போது பக்கத்தில் வருகிறவளிடம் கதை பேசிக்கொண்டே ஓட்டுகிறாள். நடுவில் நிற்கிற ஆட்கள் என் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள் என்று எழுதினாய். அது உறைத்தது. அதனால்தான் அவர்கள் நடுவில்.

நேற்று உன் துணிக்கடைக்காரர் நடைபாதையில் எங்கள் கூடவே ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"தம்பி, கொஞ்சம் ஓரமா போகக் கூடாதாப்பா? லாரி உள்ள வர முடியல, சரக்கு இறங்கல!"

"ஓரம் எங்கண்ணே இருக்கு? அங்கதான் உங்க காரெல்லாம் நிக்குதே."

"அதான் முன்னாடி பச்சையா ஒரு பாதை இருந்துச்சே..."

"இருந்துச்சு. நீங்கதான அழிக்கச் சொன்னீங்க?"

அவர் நின்றுவிட்டார். நாங்கள் போய்விட்டோம்.

நீ சாக்கடையில் உட்கார்ந்திருப்பது என்னால்தான். அதைத் துடைக்க எனக்கு வழி தெரியவில்லை. நான் மன்னிப்புக் கேட்டால் நீ திட்டுவாய், கேட்காவிட்டாலும் திட்டுவாய். எப்படியும் திட்டு வாங்கத்தான் போகிறேன், அதனால் கேட்டுவிடுகிறேன்.

தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

மன்னிப்பெல்லாம் வேண்டாம். கீழ்த்தளம் குளுகுளுவென்று இருக்கிறது.

இன்று காலை சீஃப் படியிறங்கி வந்தார். மேலே கூப்பிடவில்லை, அவரே வந்தார். பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றவர் உட்காரவே மறந்துவிட்டார். சீஃப் நாற்காலியைத் தட்டித் துடைத்துவிட்டு உட்கார்ந்தார்.

கடைக்காரர்கள் சங்கம் மனு கொடுத்திருக்கிறதாம். சைக்கிள் பாதை வேண்டுமாம்! தலைவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். பஸ் கம்பெனியும் கேட்கிறதாம். "அதே இடம், அதே அகலம், புதுப் பெயிண்ட். நீயே போட்டுக் கொடும்மா. நாளைக்கே உன் பழைய சீட்டுக்கு வந்துடு" என்றார். எனக்குக் கை துறுதுறுவென்றது, பொய் சொல்ல மாட்டேன். ஜன்னல், என் பழைய மேசை, ஐந்து வருஷம் அலைந்து வாங்கிய கோடு. எல்லாம் அப்படியே திரும்பி வருகிறது.

"கார் எங்க சார் நிக்கும்?" என்று கேட்டேன்.

"நிக்கிற இடத்துலதான் நிக்கும். அதை எப்படித் தொடுறது?"

"அப்ப பாதை வேணாம் சார்."

"என்னம்மா இது! பாதை பாதைன்னு அஞ்சு வருஷம் என் உயிரை வாங்கினது நீதானே?"

"ஆமா சார். மிச்சத்தைக் கொடுத்தீங்க, வாங்கிக்கிட்டேன். இனிமே மிச்சத்துல வரைய மாட்டேன். கார் நிக்கிற இடத்தை எடுங்க, அங்க பாதை போடுறேன். அதுவரைக்கும் அவங்க தடத்துலயே போகட்டும்."

அவர் முன்னால் கிடந்த சாக்கடை வரைபடத்தைத் தள்ளி வைத்தார். எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். குரலை இறக்கி, வீட்டுப் பெரியவர் மாதிரி கேட்டார்: "உன் தம்பிகிட்டயாவது கொஞ்சம் பேசேம்மா. நீ சொன்னா கேப்பான்ல?"

"பேசுறேன் சார்" என்றேன்.

அவரிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் பேசுகிறேன். கேட்டுக்கொள்.

ஓரத்துக்குப் போகாதே.

அக்கா